இரண்டாவது கீப்பரை ஏன் வெட்டினீர்கள்? கால்பந்துக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வட்டாரக் கோடை முகாமையும் அணித் தேர்வையும் நடத்தும் குழுவினருக்கு,

போன வாரம் மைதானத்து வேப்பமரத்தில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 16 பேர் அணியில் இந்த வருஷம் ஒரே ஒரு கீப்பர். முகாமில் கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு உங்களில் ஒருவர் சொன்னார்: "சும்மா நிக்கிற வேலைக்கு எதுக்குப்பா ரெண்டு ஆளு? அவனுக்கு ஏதாச்சும் ஆனா, உசரமான பையன் ஒருத்தனைப் புடிச்சு நிக்க வச்சுக்கலாம்." அவர் பெயரை எழுதப் போவதில்லை, சொன்னவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன்னால் 11 வருஷம் சென்னையில் கோலில் நின்று சம்பளம் வாங்கினவன். அந்த 11 வருஷத்தில் முதல் 4 வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இப்போது சிவப்பு மையால் அடித்திருக்கிறீர்களே, அந்த இடத்தில்.

எங்கப்பா கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற மாதிரி வீடு, உங்களுக்குச் சொல்லவா வேண்டும். அதன் பக்கவாட்டுச் சுவர்தான் எனக்கு முதல் கோச். எந்தக் கோணத்தில் அடித்தோமோ அதற்குத் தகுந்தாற்போல் பந்து திரும்பி வரும், அதற்குக் களைப்பும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்து போகிற ஆச்சி, சுவர் முழுக்கச் செம்மண் தடத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்று அப்பாவிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அடி வாங்கினேன். அப்புறம் கண்மாய்க்குப் போய்விட்டோம். பங்குனியில் தண்ணீர் வற்றியதும் உள்ளே இறங்கி, ஓரத்தில் மணல் மெத்தென்று சேர்ந்திருக்கிற இடமாகப் பார்த்துக் கருவேலங் கம்பு இரண்டை நட்டால் அதுதான் கோல். டைவ் அடிக்க நான் பயந்ததே இல்லை என்று அப்போது ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். எல்லாம் அந்த மணலின் புண்ணியம்.

1990 உலகக் கோப்பை நடந்தபோது எனக்குப் 10 வயது. ராத்திரி முழித்திருந்து பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தோம். எல்லோரும் மரடோனாவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அர்ஜென்டினாவின் இரண்டாவது ஆட்டத்திலேயே அவர்களுடைய கீப்பர் பும்பிதோவுக்குக் கால் முறிந்துவிட்டது. உள்ளே வந்தவர் மாற்று கீப்பர் கோய்கோசியா. அந்த மனிதர் காலிறுதியில் யூகோஸ்லாவியாவையும், அரையிறுதியில் போட்டியை நடத்திய இத்தாலியையும் பெனால்டி ஷூட்அவுட்டில் தடுத்து, அணியை இறுதியாட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அர்ஜென்டினாக்காரர்களும் உங்களை மாதிரி யோசித்திருந்தால் யாரைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள்? உலகக் கோப்பை அணி என்றால் அதில் குறைந்தது 3 கீப்பர் இருந்தே ஆகவேண்டும் என்று விதியே இருக்கிறது. காசு மிச்சம் பிடிக்கத் தெரியாமலா வைத்திருக்கிறார்கள்?

அவ்வளவு தூரம் எதற்கு. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதே, அந்த இறுதியாட்டத்தில் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். அரையிறுதியில் நின்றவர் பிரத்யுத் பர்மன். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் கையில் இரண்டு கீப்பர் இருந்தார்கள், இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். கால்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கம் நமக்கு அதற்கப்புறம் வரவே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது சும்மா இருப்பது என்று நீங்கள் நினைப்பதால்தான் இவ்வளவும்.

17 வயதில் காரைக்குடியில் ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கினேன். ஒரு அணியில் எடுத்தார்கள். அங்கே முதல் கீப்பராக இருந்தவர் வியாசர்பாடிக்கார அண்ணன், என்னைவிட 9 வயது மூத்தவர். முதல் நாள் காலையில் என்னை நாலு தடவை விழச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தம்பி, உனக்குப் பந்து புடிக்கத் தெரியுது, விழத் தெரியல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விழுவதில் என்ன தெரிய வேண்டும்? அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முழங்கை முதலில் தரையைத் தொட்டால் தோள்பட்டை போய்விடும். முழங்காலின் பக்கவாட்டு, தொடை, இடுப்பின் பக்கம், கடைசியில்தான் தோள், இந்த வரிசையில் உடம்பு உருண்டு இறங்க வேண்டும். கை இரண்டும் அதற்கு முன்னாலேயே பந்துக்குப் பின்னால் போயிருக்க வேண்டும், கட்டைவிரல் இரண்டும் ஒட்டினாற்போல். கட்டைவிரலுக்கு நடுவே இடைவெளி விட்டால் பந்து வழுக்கிக்கொண்டு முகத்துக்கு வரும், இல்லையென்றால் ஏதாவது ஒரு விரலைப் பின்னால் மடக்கிவிட்டுப் போகும்.

எனக்கு அந்தப் பாடம் இரண்டு வருஷம் தாமதம். 15 வயதில், இதே மைதானத்தில், யாரும் சொல்லித்தராத ஒரு முகாமில், என் வலதுகை மோதிர விரல் பின்னால் மடங்கியது. அன்றைக்கு ஒருவர் அதைப் பிடித்துப் பட்டென்று இழுத்துவிட்டு, துணியைச் சுற்றி, "போய் நில்லு" என்றார். இன்றைக்கும் அந்த விரல் முழுசாக மடங்காது. சோற்றைப் பிசைந்து அள்ளும்போது நாலு விரல் குவியும், அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், இலையில் நாலு பருக்கை சிந்தும். என் மகள் அதற்கு "மாஸ்டர் விரல்" என்று பெயர் வைத்திருக்கிறாள், எல்லோருக்கும் வழி காட்டுகிறதாம்.

அந்த 4 வருஷமும் அந்த அண்ணனுக்குத் தினம் பந்து அடித்துக் கொடுத்ததும், அவர் கார்னருக்கு எங்கே நிற்கிறார், எப்போது வெளியே வருகிறார், எப்போது வராமல் வாயால் மட்டும் ஆளை நகர்த்துகிறார் என்று பெஞ்சிலிருந்து பார்த்ததும்தான் என் படிப்பு. நேரு ஸ்டேடியத்தில் ஒரு லீக் ஆட்டத்தில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. 20 நிமிஷம் மிச்சம். என்னை எழுப்பிவிட்டார்கள். அவர் தன் கிளவுஸைக் கழற்றி, வலியோடு, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கோல் விட்டேன், இரண்டு பிடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து 7 வருஷம் நான்தான். என் முழங்கால் போனபோது எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராமநாதபுரத்துப் பையனிடம் நான் என் கிளவுஸைக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் ஆள் மாறுவது இப்படித்தான். நடுவில் ஒரு ஆளை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்.

இப்போது நீங்கள் எடுத்துவிட்டிருக்கிற ஆளைப் பற்றி. உங்களுக்கு அவன் பட்டியலில் ஒரு பெயர். 16 வயது, அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை. லீவு நாளில் இவனும் போவான். சாயத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திய ஈரக் கல்லைக் கண்ணாடியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்த வேண்டும், கை கொஞ்சம் வெட்டினாலும் பூ கலைந்துவிடும். ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது பார்த்தேன். தூக்கும்போது அவன் கை இறுகவே இல்லை, கல்லோடு சேர்ந்தே போனது. மறுநாள் காலையில் நான் வேகமாக அடித்த பந்தையும் அதே மாதிரி வாங்கினான், சத்தமே வராமல். இதைச் சொல்லித்தர எனக்கு வராது, அவனுக்கு வீட்டிலேயே வந்திருக்கிறது. எப்போது வெளியே வரவேண்டும் என்பதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, அதற்கு ஆட்டம் பார்க்க வேண்டும், அணியோடு போகவேண்டும். அணியில் பெயர் இல்லையென்றால் பங்கேற்புச் சான்றிதழும் இல்லை. அந்தக் காகிதம் இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பம் போடுவான்? ஒரு ஜெர்சியையும் ஒரு பஸ் டிக்கெட்டையும் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"16 வயசாகியும் இன்னும் பதறுறான்" என்றும் சொன்னீர்களாம். கீப்பர் நிதானமாகத்தான் பழுப்பான். இத்தாலியின் டினோ ஸோஃப் உலகக் கோப்பையைத் தூக்கியது 1982-ல், தன் 40-வது வயதில். எகிப்தின் எசாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் ஆடியபோது 45 வயது, அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியையும் தடுத்தார். இவர்களையெல்லாம் 16 வயதில் பதறினார்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

தனிப் பயிற்சி வேண்டாம் என்றீர்களே, அதற்குப் போன போட்டியில் நடந்ததையே சொல்கிறேன். கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025 ஜூலையிலிருந்து விதி மாறிவிட்டது. முன்பு 6 விநாடி என்று இருந்தது, ஆனால் அதை யாரும் பெரிதாகப் பிடித்ததில்லை. அன்றைக்குக் கோலில் நின்ற நம் பையன் பழைய வழக்கப்படி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்களை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தான். ரெஃப்ரி கையைத் தூக்கிக் கடைசி 5 விநாடியை விரல் விட்டு எண்ணினார். அவர் எதற்கு எண்ணுகிறார் என்று பையனுக்கும் தெரியாது, கோட்டுக்கு வெளியே நின்ற உங்களுக்கும் தெரியாது. கார்னர் கொடுத்தார், அதிலேயே கோல் விழுந்தது, தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேர் முன்னால் உங்களில் ஒருவர் அந்தப் பையனைத் திட்டினார். அவன் கிளவுஸைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். பிரேசில் கீப்பர் பார்போசா 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் விட்ட ஒரு கோலுக்கு, 2000-ல் சாகிற வரை பேச்சு வாங்கினார். ஃபார்வேர்டு ஒன்பது வாய்ப்பைத் தவறவிட்டுப் பத்தாவதைப் போட்டால் மாலை, கீப்பர் ஒன்பதைப் பிடித்துப் பத்தாவதை விட்டால் வசவு. அது இந்த இடத்தோடு பிறந்தது, ஏற்றுக்கொண்டுதான் நிற்கிறோம். ஆனால் சொல்லித்தராத விதிக்காகத் திட்டு வாங்குவது அந்தக் கணக்கில் வராது.

அடுத்தது மைதானம். வடக்குப் பக்கக் கோல் வாயை யாராவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? தை மாசம் நடந்த விழாவுக்குப் பந்தல் போட்ட கால் குழி மூன்று, சரியாகக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால், அப்படியே கிடக்கிறது. ஒன்றில் என் கணுக்கால் வரை இறங்கியது. சுற்றிலும் சரளை. அதில் டைவ் அடிக்கிற பையனின் இடுப்பைப் பார்த்தால் தேங்காய்த் துருவியில் தேய்த்த மாதிரி இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போட்டு வாங்குகிற கிளவுஸ் இரண்டு மாசத்தில் உரிந்துபோகிறது.

கோடு போடுவது சுண்ணாம்புத் தூளில். நம் ஊர் வீட்டுச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு நூறு வருஷம் கழித்தும் பளபளக்கிறது, அதன் அருமை எனக்குத் தெரியும், ஆனால் அது கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கோட்டின் மேல் முகம் குப்புற விழுகிறவன் கீப்பர் ஒருவன்தான். போன வருஷம் ஒரு பையனுக்குக் கண் சிவந்து மூன்று நாள் திறக்க முடியவில்லை. கோலமாவில் போடுங்கள், எத்தனை வீட்டு வாசலில் தினம் போடுகிறோம்.

அதே பையனுக்குத்தான் இன்னொரு ஆட்டத்தில் தலையில் முழங்கால் பட்டது. மயங்கி விழுந்தான். சோடாவைத் தெளித்தார்கள், எழுந்தான், "ஒண்ணுமில்ல, நில்லு" என்று திரும்பவும் நிறுத்தினார்கள், ஏனென்றால் மாற்று கீப்பரை அன்றைக்கும் கூட்டிப்போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தான். இரண்டு பேர் நடுவே பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 2006-ல் இங்கிலாந்தின் செல்சீ அணி கீப்பர் பீட்டர் செக்குக்கு இதே மாதிரி ஒரு முழங்கால் பட்டு மண்டையோடு முறிந்தது. மூன்று மாசம் கழித்துத்தான் ஆட வந்தார், ஆட்டத்தை விடும் வரை தலைக்கவசத்தோடுதான் ஆடினார். நம் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நம் ஏற்பாட்டால் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் டீக்கடையில் சொல்வதற்கு முன்னால். கீப்பர் பயிற்சிக்கு என்று போன வருஷம் முகாம் முழுக்க நீங்கள் கொடுத்தது 4,000 ரூபாய். வாங்கினவன் நான்தான். "காசு போச்சுன்னு எழுதுறான்" என்பீர்கள். அதனால் இந்த வருஷம் எனக்குக் காசு வேண்டாம். ஆனால் அந்த 4,000 கணக்கில் இருக்கட்டும், அதில் கிளவுஸ் வாங்குங்கள். அடுத்த வருஷம் வேறு யாராவது வந்து சொல்லித்தந்தால் அவருக்குக் கொடுங்கள். தொடக்க விழாவுக்குப் பொன்னாடையும் ஃபிளெக்ஸும் வாங்கிய ரசீதை நான் பார்த்தேன், தொகையை இங்கே எழுதவில்லை.

நான் கேட்பது இவைதான். அணிப் பட்டியலைத் திருத்தி இரண்டாவது கீப்பரைச் சேருங்கள், இந்த மாசம் 20-ஆம் தேதி மாவட்டத்துக்குப் பட்டியல் போகிறது, அதற்குள். ஜெர்சிக்கும் பஸ் காசுக்கும் சிரமம் என்றால் சொல்லுங்கள், எங்கள் கடை முதலாளி தருவதாகச் சொல்லிவிட்டார். முகாமில் தினம் காலை 6 முதல் 7 வரை வடக்குக் கோலைக் கீப்பர்களுக்கு மட்டும் விடுங்கள், அந்த நேரத்தில் அங்கே ஃபார்வேர்டு பையன்கள் ஷூட் பழக வேண்டாம். தலையில் அடிபட்ட யாரையும் அன்றைக்குத் திரும்ப ஆடவிடக் கூடாது என்று எழுத்தில் ஒரு முடிவு எடுங்கள், ஆட்டம் நடக்கும்போது ஒரு முதலுதவிப் பெட்டியும், 108-க்கு போன் போட என்று பொறுப்பாக ஒரு ஆளும் இருக்கட்டும். சுண்ணாம்பை நிறுத்துங்கள். திட்டு வாங்கிய பையன் வீட்டுக்கு, திட்டினவரே ஒரு நடை போய் வந்தால் நல்லது, அவன் இன்னும் மைதானத்துக்கு வரவில்லை.

குழியை மூட உங்களைக் கூப்பிடவில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் பழைய பையன்கள் ஆறு பேரும் மண்வெட்டியோடு வடக்குக் கோலில் இருப்போம். சரளையை அள்ளிவிட்டுக் கொட்ட அரை லாரி ஆற்று மணல் வேண்டும், அதற்கு அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்தில் எங்கள் பேச்சு எடுபடாது, உங்கள் லெட்டர்பேடு எடுபடும். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.